ஆச்சியின் ஒரு கிண்ணச் சோறு



இம்முறை உங்களுக்கு ஒரு பயணக் கதை சொல்லப் போகிறேன். பயணம் என்றவுடன் மலைகளும் மாளிகைகளும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத ஒரு சின்னக் குசினியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தக் குசினியில் ஒரு ஆச்சி தனக்கென்று ஒரு கிண்ணச் சோறு சமைக்கிறார். அதை எப்படிச் செய்வது என்பதையும் சொல்கிறேன். நம் வீட்டுத் தாச்சியிலும் அது சரிவரும்.

2019 ஆம் ஆண்டு மார்ச் மாதம், அனர்த்தங்களாலும் யுத்தத்தாலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுடன் வேலை செய்பவர்களுக்கான இரண்டு கிழமைப் பயிற்சி ஒன்றுக்காக ஜப்பானின் தலைநகரான டோக்கியோவுக்குப் போயிருந்தேன். வகுப்புகள் எல்லாம் ஒரு பெரிய கட்டடத்தின் ஏழாம் மாடியில் நடந்தன. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொருவரும் ஒரு ஜப்பானிய வீட்டில் பகற்பொழுதைக் கழிக்க ஒழுங்கு செய்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது 80 வயதான ஒரு பெண்மணியின் வீடு. மொழிபெயர்க்க ஆங்கிலம் தெரிந்த ஒரு பல்கலைக்கழக மாணவி கூட வந்தாள். அவள் அந்தப் பெண்மணியை 'ஒபாச்சான்' என்று அழைத்தாள். பாட்டி என்று பொருளாம். கேட்கும்போது எங்கள் 'ஆச்சி' போலவே இருந்தது. ஆகவே நானும் அன்று முழுவதும் 'ஆச்சி' என்றே கூப்பிட்டேன். அவரும் மறுக்கவில்லை.

அசாகுசாவின் நல்லெண்ணெய் மணம்

ஆச்சி எங்களை அசாகுசா புகையிரத நிலையத்தில் வந்து சந்தித்தார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கையில் ஒரு துணிப்பை, காலில் நடைக்கு ஏற்ற சப்பாத்து. குளிர் எலும்பு வரைக்கும் போயிற்று. ஆச்சியோ எங்களுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார்.

அசாகுசா டோக்கியோவின் பழைய பகுதி. சுமிதா ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே சென்சோஜி என்ற புகழ் பெற்ற பௌத்த கோயில் உண்டு. வாசலில் பெரிய சிவப்பு வெளிச்சக்கூடு தொங்குகிறது. அதிலிருந்து உள்ளே போகும் வழியெல்லாம் இரு பக்கமும் சிறு கடைகள். எங்கள் கோயில் திருவிழாக் கடைகள் வருடம் முழுவதும் கழற்றப்படாமல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

கோயிலைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் நுழைந்தபோது எனக்கு மிகவும் பழக்கமான ஒரு மணம் வந்தது. எள்ளு நல்லெண்ணெய் காயும் மணம்! பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாட்டில் சேர்க்கும் அதே நல்லெண்ணெய், கடல் கடந்து ஒரு தெரு முழுவதும் மணந்தது. 'டென்டொன்' விற்கும் கடைகள் அவை. வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

டென்டொன் என்றால் என்ன? மாவில் தோய்த்துப் பொரித்த மீன், இறால், மரக்கறி ஆகியவற்றை ஜப்பானியர் 'டெம்புரா' என்கிறார்கள். சோறு போடும் ஆழமான கிண்ணத்துக்கு 'டொம்புரி' என்று பெயர். கிண்ணத்தில் சுடுசோறு போட்டு, அதன்மேல் டெம்புராவை அடுக்கி, இனிப்பும் உப்புமான ஒரு குழம்பை ஊற்றினால் அதுவே டென்டொன். ஒரு கிண்ணம் ஒருவருக்கு. தனியாகக் கறி, சட்டி, கோப்பை ஒன்றும் தேவையில்லை.

டெம்புரா ஜப்பானியரின் சொந்தச் சாப்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் போர்த்துக்கேயர் வழியாக அங்கே வந்தது என்றே வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தார்கள். 1543 இல் ஜப்பானை அடைந்தார்கள். அவர்கள் இறைச்சி தவிர்க்கும் விரத நாட்களில் மீனையும் மரக்கறியையும் மாவில் தோய்த்துப் பொரித்துச் சாப்பிட்டதைப் பார்த்து ஜப்பானியர் பழகிக்கொண்டார்களாம். இன்னுமொன்று கேளுங்கள். ஜப்பானிய மொழியில் பாணுக்கும் 'பன்' என்றுதான் பெயர். நாங்கள் பாண் என்கிறோம், அவர்கள் பன் என்கிறார்கள், இரண்டுக்கும் தாய்ச்சொல் போர்த்துக்கேய மொழியில் இருக்கிறது. வெதுப்பகம் ஒன்றின் வாசலில் இதை அந்த மாணவிக்குச் சொன்னபோது அவள் கைதட்டிச் சிரித்தாள்.

டோக்கியோவுக்கு 1868 வரைக்கும் எடோ என்று பெயர். எடோ காலத்தில் வீடுகள் மரத்தாலும் கடதாசியாலும் ஆனவை. தீப்பிடித்தால் ஊரே எரியும். அதனால் எண்ணெய் காயவைத்துப் பொரிக்கும் வேலை வீட்டுக்கு வெளியே, தெருவோரத் தள்ளுகடைகளில்தான் நடந்தது. சாதாரணத் தொழிலாளிகள் குச்சியில் குத்திய டெம்புராவை நின்றபடியே வாங்கிச் சாப்பிட்டார்கள். பின்னர் அதைச் சோற்றின் மேல் போடும் வழக்கம் வந்தது. தெருச் சாப்பாடாக இருந்தது காலப்போக்கில் வீட்டுக் குசினிக்குள்ளும் வந்துவிட்டது.

பாலத்தின் கரிந்த கற்கள்

"கடையில் சாப்பிட வேண்டாம், என் வீட்டில் செய்வோம்" என்று ஆச்சி சொல்லிவிட்டார். அவருடைய வீடு ஆற்றுக்கு அக்கரையில், முகோஜிமா என்ற இடத்தில் இருக்கிறது. போகும் முன் கோயில் முற்றத்தில் ஒரு ஜிங்கோ மரத்தைக் காட்டினார். அதன் ஒரு பக்கம் கரிந்திருந்தது. ஆனாலும் மரம் உயிரோடு நிற்கிறது.

அன்று மார்ச் 10. அந்த நாளின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. 1945 ஆம் ஆண்டு மார்ச் 9 ஆம் திகதி நள்ளிரவு கடந்ததும், ஏறக்குறைய 300 அமெரிக்கக் குண்டு விமானங்கள் டோக்கியோவின் கிழக்குப் பகுதியின் மேல் தீக்குண்டுகளை வீசின. பலமான காற்றும் சேர்ந்து ஒரே இரவில் சுமார் ஒரு இலட்சம் மக்கள் இறந்தார்கள். பத்து இலட்சம் பேர் வரையில் வீடிழந்தார்கள். சென்சோஜி கோயிலின் பிரதான மண்டபமும் எரிந்து, 1958 இல்தான் திரும்பக் கட்டி முடிக்கப்பட்டது. ஹிரோஷிமாவைப் பற்றிப் பாடசாலையில் படித்த எனக்கு இந்த இரவைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

நாங்கள் கொதொதொய் பாலத்தால் ஆற்றைக் கடந்தோம். அன்றிரவு அக்கரைக்குப் போனால் தப்பலாம் என்று இக்கரை மக்களும், இக்கரைக்கு வந்தால் தப்பலாம் என்று அக்கரை மக்களும் இந்தப் பாலத்தின் நடுவில் சந்தித்து நெரிந்தார்கள். தீ பாலத்தின் மேலாலும் வந்தது. பாலத்தைத் திருத்தியபோது எடுத்த பழைய கற்கள் சில பக்கத்துப் பூங்காவில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆச்சி அவற்றின் முன் நின்று கைகூப்பினார். நானும் கூப்பினேன். எனக்குத் தொண்டை அடைத்தது. பாலமும் சனமும் தண்ணீரும் என்றால் எங்கள் மனதில் வரும் இடம் எதுவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"அப்போது எனக்கு 6 வயது" என்றார் ஆச்சி. "அப்பா படையில் இருந்தார். அம்மா, தம்பி, அப்பாவின் தாய், நான் எல்லாரும் ஓடினோம். சனத்தைப் பார்த்து அம்மா பாலத்துக்குப் போகாமல் வடக்கே திரும்பினார். எங்கள் கையை விட்டு அப்பம்மா சனத்தோடு போய்விட்டார். அவ்வளவுதான்."

அவர் இதற்கு மேல் பாலத்தில் எதுவும் சொல்லவில்லை. நடந்தார். முன்னால் 634 மீற்றர் உயரமான ஸ்கைட்றீ கோபுரம் வெயிலில் மின்னியது.

குசினியில் ஒரு பாடம்

ஆச்சியின் வீடு ஒரு ஒழுங்கையில், வாசலில் பூச்சாடிகள் வரிசையாக வைத்த சின்ன வீடு. கணவர் இறந்து பல வருடங்கள். மகன் ஒசாகாவில் இருக்கிறார். வீட்டுக்குள் ஆச்சி ஒருவர்தான். சுவரோரம் முன்னோரை வணங்கும் ஒரு சிறு மரப்பேழை. அதில் அவருடைய தாயின் படம்.

கை கழுவிவிட்டுக் குசினிக்குள் போனோம். நான் என் கொப்பியைத் திறந்தேன். ஆச்சி ஒழுங்காக, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தார்.

முதலில் குழம்பு. உலர்ந்த கடற்பாசித் துண்டு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடாக்கி, கொதிக்கும் முன் எடுத்துவிட்டார். பிறகு மெல்லிய மரச்சீவல் போன்ற ஒன்றை ஒரு பிடி போட்டு, இரண்டு நிமிடத்தில் வடித்தார். அதை முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, எங்கள் மாசிக் கருவாட்டின் மணம்! சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்துச் சீவுவார்களாம். மாலைதீவிலிருந்து எங்களுக்கு வரும் மாசியும் அதே சூரை மீனை அதே விதமாக அவித்துப் புகையூட்டிக் காயவைத்ததுதான். வடித்த சாறு நான்கு மேசைக்கரண்டி, சோயா சோஸ் இரண்டு, 'மிரின்' என்ற இனிப்பான சமையல் மது இரண்டு, சீனி ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு தீயில் சற்றுத் தடிக்கும் வரை காய்ச்சினார்.

அடுத்தது சோறு. குறுகிய அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு வேகவைத்தார். வெந்த பின்னும் பத்து நிமிடம் மூடியைத் திறக்கவில்லை.

சோறு தம்மில் இருக்கும்போது மரக்கறி வெட்டினோம். வற்றாளைக் கிழங்கு இரண்டு வட்டம், பூசணி ஒரு கீற்று, பாதிக் கத்தரிக்காய், இரண்டு போஞ்சி, 'ஷிசோ' என்ற ஒரு வாசனை இலை. இறாலுக்குக் கோது நீக்கி, முதுகு நரம்பை எடுத்து, வயிற்றுப் பக்கம் மூன்று நான்கு இடத்தில் மெதுவாகக் கீறினார். அப்படிக் கீறினால் பொரிக்கும்போது சுருளாது. வாலை விட்டுவைத்து அதன் நுனியைக் கத்தியால் வழித்தார். வாலில் நிற்கும் தண்ணீர்தான் எண்ணெயில் வெடிக்குமாம்.

கடைசியாகத்தான் மா. முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் அடித்து, கோதுமை மாவைக் கொட்டி, குச்சியால் நாலைந்து தடவை கிளறியவுடன் நிறுத்திவிட்டார். கட்டி கட்டியாக இருந்தது. நான் கரைக்கக் கையை நீட்டினேன். "தொடாதே!" என்று தடுத்தார். நன்றாகக் கரைத்தால் மா பசை பிடித்து, பொரித்தபின் தடித்த தோலாகிவிடும். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டியதும் அதற்காகத்தான். நாங்கள் ரொட்டிக்கு மாவை எவ்வளவு பிசைகிறோமோ அவ்வளவு நல்லது. டெம்புராவுக்கு அதன் மறுபக்கம்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சொட்டு மாவை விட்டார். அடிக்குப் போய்க் கிடந்தால் காயவில்லை. மேலேயே சிதறினால் மிஞ்சிக் காய்ந்துவிட்டது. பாதி ஆழம் போய் உடனே மிதந்து வந்தால் பதம். கிழங்கு, பூசணிக்குச் சற்றுக் குறைந்த சூடு, ஏறக்குறைய 160 பாகை. அவை வேக மூன்று நான்கு நிமிடம் எடுக்கும். இறாலுக்கு 180 பாகை வரை. இரண்டு நிமிடம் போதும். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெய் குளிர்ந்து எல்லாம் எண்ணெய் குடித்துவிடும்.

பொரித்து முடியும் வரையில் ஆச்சி அடுப்பை விட்டு ஓரடியும் அசையவில்லை. வாசல் மணி அடித்தது. "பிறகு வரட்டும்" என்று மாணவியைப் போகச் சொன்னார். நான் மெதுவாகக் கேட்டேன்: "ஆச்சி, உங்களுக்குத் தீ பயமில்லையா?"

"பயம்தான்" என்றார். "அதனால்தான் விலகாமல் நிற்கிறேன். என் அம்மா அந்த இரவுக்குப் பிறகு நீண்ட காலம் எண்ணெய் காயவைக்கவே இல்லை. மணம் வந்தாலே வாசலுக்குப் போய்விடுவார். நான் கலியாணம் முடித்த பிறகுதான் பழகினேன். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை நிறுத்திவிட்டு மூடியால் மூட வேண்டும். இதோ பார், மூடி பக்கத்திலேயே இருக்கிறது."

மூடியைத் திருப்பிப் பார்த்தார்

மூன்று கிண்ணங்களில் சோறு போட்டு, குழம்பில் ஒரு தடவை நனைத்த டெம்புராவை அடுக்கினார். ஆளுக்கு இரண்டு இறால். மேலே இன்னும் கொஞ்சம் குழம்பு. ஒவ்வொரு கிண்ணத்தையும் அதற்குரிய மூடியால் மூடினார். தாயின் படத்துக்கு முன் ஒரு சிறு தட்டில் ஒரு இறாலை வைத்தார். பிறகு கைகூப்பி, "இததகிமஸ்" என்றார். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தமாம்.

ஆச்சி தன் கிண்ணத்தின் மூடியை எடுத்து, சோற்றைப் பார்க்க முன் மூடியின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆவி பட்டு அங்கே துளித்துளியாக ஈரம் படிந்திருந்தது. அவர் தலையசைத்துவிட்டு மூடியைக் கீழே வைத்தார். நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தூரப் பயணம் போனவருக்கும் போர்முனைக்குப் போனவருக்கும் வீட்டில் உள்ளவர்கள் தினமும் ஒரு பங்கு சாப்பாடு வைப்பது ஜப்பானில் பழைய வழக்கம். அதற்கு 'ககெசென்' என்று பெயர். போனவர் பசி கிடக்காமல், உயிரோடு திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல் அது. மூடியைத் திறக்கும்போது உள்ளே ஈரம் படிந்திருந்தால் அவர் சுகமாக இருக்கிறார் என்று நம்பினார்கள். ஆச்சியின் தாய் ஒவ்வொரு மாலையும் கணவனுக்கு அப்படி வைத்தார். யுத்த காலத்தில் அரிசி பங்கீட்டில்தான் கிடைத்தது. அதுவும் குறைந்துகொண்டே போனது. சோற்றில் பாதி வற்றாளைக் கிழங்கு. ஆனாலும் கணவனின் கிண்ணம் குறையவில்லை. பிறகு அந்தச் சோற்றைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். "நீங்கள் சாப்பிடுங்கள், நான் பிறகு சாப்பிடுகிறேன்" என்பார்.

தகப்பன் பிலிப்பைன்சில் இறந்துவிட்டார் என்று யுத்தம் முடிந்த பிறகு அறிவித்தல் வந்தது. வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே பெயர் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி மட்டும். எத்தனையோ குடும்பங்களுக்கு அப்படித்தான் வந்தது. "கடதாசியைப் பார்த்து எப்படி நம்புவது? அதற்குப் பிறகும் ஒரு வருடம் அம்மா கிண்ணம் வைத்தார்" என்றார் ஆச்சி.

தாய் அவித்த கிழங்கு விற்றார். பின்பு வீட்டிலிருந்து தையல் வேலை செய்தார். 1946 இல் இராணுவக் குடும்பங்களுக்கான ஓய்வூதியம் நிறுத்தப்பட்டிருந்தது. 1952 இல்தான் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவும் சட்டம் வந்தது. அதிலும் படையோடு தொடர்புடையவர்களுக்கே இடம். குண்டுத் தீயில் கணவனை இழந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து 2007 இல் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். 2013 இல் உச்ச நீதிமன்றமும் அதைத் தள்ளுபடி செய்தது. ஆச்சி இதைச் சொன்னபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் கோவைகளைச் சுமந்துகொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவது என் கண்ணுக்கு முன் வந்தது.

கணவனை இழந்தவளைக் குறிக்க ஜப்பானிய மொழியில் உள்ள பழைய சொல்லுக்கு 'இன்னும் சாகாதவள்' என்று பொருள். சமூகவியல் படித்தபோது சொற்கள் பெண்ணை எப்படிக் கட்டிப்போடுகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்த ஒரு சொல் அவ்வளவையும் சொல்லிவிட்டது. ஆச்சிக்கு அந்தச் சொல் பிடிக்காது. "சாகாதவள் என்றால் சாப்பிட வேண்டாமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

1954 இல், பள்ளிப்படிப்பு முடித்து ஆச்சி ஒரு சிறு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். முதற் சம்பளத்தில் தாயை அசாகுசாவுக்குக் கூட்டிப்போய் ஒரு டென்டொன் வாங்கிக் கொடுத்தார். தாய் மூடியைத் திறந்து முதலில் அதன் உட்புறத்தைப் பார்த்தாராம். பிறகு தன் இறாலைக் குச்சியால் எடுத்து மகளின் கிண்ணத்தில் வைத்தாராம்.

"எனக்குக் கோபம் வந்தது. 'அம்மா, இது உங்களுக்கு வாங்கினது' என்று கத்தினேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அழுதார். தனக்கென்று வைத்த சாப்பாட்டைச் சாப்பிட அவருக்கு மறந்துவிட்டது. அதுதான் எனக்கு யுத்தத்தை விடப் பெரிய துக்கம்."

நான் கேட்டேன், "ஒரு ஆளுக்காக இவ்வளவு வேலையா ஆச்சி? எண்ணெய், மா, குழம்பு..."

"ஒரு ஆள் என்றால் ஆள் இல்லையா?" என்றார். "கணவர் போன பிறகு நானும் கொஞ்ச நாள் தேநீரும் ஊறுகாயும் சோறுமாக இருந்தேன். ஒரு நாள் என்னையறியாமல் மகனிடம் தொலைபேசியில் 'நான் பிறகு சாப்பிடுகிறேன்' என்று சொன்னேன். அம்மாவின் குரல் அது. அன்று பயந்துபோனேன். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவையாவது இதைச் செய்வேன். மூடியைத் திறந்து பார்ப்பேன். ஈரம் இருக்கும். இந்த வீட்டில் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்."

பிறகு தாயின் படத்துக்கு முன் இருந்த இறாலைக் காட்டி, "இனி அவரால் அதை என் கிண்ணத்துக்கு மாற்ற முடியாது" என்றார். மூவரும் சிரித்தோம். மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில்

ஊருக்கு வந்த இரண்டாம் கிழமை கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் இதைச் செய்தேன். எங்களிடம் உள்ள பொருட்களாலேயே செய்யலாம். இரண்டு பேருக்கான அளவு இது:

வெள்ளைப் பச்சை அரிசி ஒரு சுண்டு. சோறு குழையாமல், ஆனால் ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இருக்க வேண்டும். இடித்த மாசி ஒரு மேசைக்கரண்டியை ஒரு கப் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடியுங்கள். அதில் சோயா சோஸ் மூன்று மேசைக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துப் பாதியாக வற்றவிடுங்கள். மிரின் தேவையில்லை. ஒரு முட்டையைக் கப்பில் உடைத்து ஊற்றி, குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு கப் ஆக்குங்கள். குளிர்சாதனப்பெட்டி இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணீர் போதும். கோதுமை மா ஒரு கப். நாலைந்து தடவைக்கு மேல் கிளற வேண்டாம். வற்றாளை, பூசணி, கத்தரி, போஞ்சி எல்லாம் நம் வளவில் வருபவை. ஷிசோவுக்குப் பதிலாகக் கற்பூரவள்ளி இலை. இறால் விலை என்றால் விடுங்கள். வெங்காயமும் கரட்டும் மெல்லியதாகச் சீவி மாவில் பிரட்டிக் கரண்டியால் சிறு சிறு கட்டாகப் பொரித்தால் அதுவும் டெம்புராதான், ஆச்சியே சொன்னார். எஞ்சும் மாத்தூளை வீசாதீர்கள். சொதிக்கு மேல் தூவினால் பிள்ளைகள் விரும்புவார்கள்.

நான் இறால் நான்கு வாங்கியிருந்தேன். மூடியுள்ள கிண்ணம் எங்களிடம் இல்லை. தேநீர்க் கோப்பையின் தட்டால் மூடி அம்மாவுக்கு முன் வைத்தேன். அம்மா வழக்கம்போல, "நீ சாப்பிடு பிள்ளை, நான் பிறகு சாப்பிடுறன்" என்றார்.

"இல்லை அம்மா, ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

தட்டை எடுத்தார். அதன் அடியில் ஈரம் படிந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். ஒரு இறாலை எடுத்து என் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினார். நான் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"உனக்கு இறால் எண்டால் விருப்பமெல்லே?"

"உங்களுக்கும் விருப்பம்தானே அம்மா."

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு வாயில் போட்டார். இரண்டாவதையும் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ரெண்டு செத்தல் மிளகாய் போட்டிருக்கலாம்" என்றார்.

2009 இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்களைப் பிரிந்த அப்பா இன்றுவரை வரவில்லை. அம்மா ஒவ்வொரு இரவும் பானையில் ஒரு பிடி சோறு விட்டுவைப்பார். அன்றும் விட்டுவைத்தார். நான் தடுக்கவில்லை. தடுக்கவும் மாட்டேன். ஆனால் அந்தப் பிடி அம்மாவின் பங்கிலிருந்து போகக்கூடாது என்பதில் மட்டும் இப்போது நான் கண்டிப்பாக இருக்கிறேன். அரிசி போடும்போதே ஒரு பிடி கூடப் போடுகிறேன்.

சகோதரிகளே, முன்பெல்லாம் வீடுகளுக்குப் போனால், "பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்று கேட்டு என் படிவத்தில் எழுதிக்கொள்வேன். உங்களைப் பற்றிக் கேட்டதில்லை. அதற்குப் படிவத்தில் இடமும் இல்லை. அது என் பிழை. இப்போது, "நேற்று இரவு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கிறேன். பல பெண்கள் பதில் சொல்லாமல் சிரிக்கிறார்கள். சிலர் பானையைப் பார்க்கிறார்கள்.

டென்டொன்தான் செய்ய வேண்டும் என்றில்லை. கஞ்சியாக இருந்தாலும் சரி, பாணும் சம்பலுமாக இருந்தாலும் சரி. அடுத்த முறை சமைக்கும்போது உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். சூடாறும் முன் திறந்து சாப்பிடுங்கள். மூடியில் ஈரம் இருக்கும்.